படிக்கிறது நீ, கணக்கெழுதுறது அவன்

ஒங்களை நெனச்சா எனக்குப் பெருமையா இருக்குப்பா. இம்புட்டு வெள்ளந்தியான சனத்தை என் ஆயுசுல நான் பாத்ததில்ல. எங்க காலத்துல பாடப் புத்தகத்துக்குள்ள துப்பறியும் கதையைச் சொருகி வச்சுப் படிப்போம். வாத்தியாருக்குத் தெரியக் கூடாது, அய்யாவுக்குத் தெரியக் கூடாது, பக்கத்துல இருக்கிறவனுக்கும் தெரியக் கூடாது, தெரிஞ்சா ஓசி கேப்பான். நீங்க ராத்திரி பதினோரு மணிக்குப் போர்வைக்குள்ள என்னத்தைப் படிச்சீங்க, எந்தப் படத்துல கையை நிறுத்துனீங்க, எதைத் திரும்பவும் மேல தள்ளிப் பாத்தீங்கன்னு அமெரிக்காக்காரனுக்கு ஒன்னு விடாம ஒப்பிச்சுட்டுத்தான் தூங்கவே போறீங்க. ஏன்டான்னு கேட்டா, "தாத்தா, அது ஃப்ரீ"ங்கிறீங்க. தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கக் கூடாதுன்னு பெரியவுக சொன்னாக, சரி. ஆனா இங்க மாடுல்லப்பா ஒங்க பல்லைப் பிடிச்சுப் பாக்குது!

எனக்கு ஊரு பாலவனத்தம். விருதுநகர்ல இருந்து அருப்புக்கோட்டை போற ரோட்டுல, கரிசக் காட்டுக்கு நடுவுல இருக்கு. வேலை பாத்தது தபால் பட்டுவாடா. சைக்கிளு, காக்கிப் பை, வெயிலு, இது மூணும்தான் என் சொத்து. ஆனா ஒன்னு, எந்த வீட்டுக்கு எந்தப் பத்திரிகை வருதுங்கிற ரகசியம் பூராம் என் பைக்குள்ளதான் இருந்துச்சு. சந்தாப் பத்திரிகை உறைக்குள்ள வராது பாத்துக்க. இடுப்புல ஒரு தாள் பட்டையைச் சுத்தி, அதுல அட்ரஸ் சீட்டை ஒட்டி அனுப்புவாக. பட்டைக்கு மேல அட்டைப்படத்துத் தலை தெரியும், கீழ காலு தெரியும். யாரு துக்ளக் படிக்கிறா, யாரு மஞ்சரி படிக்கிறா, எந்த வீட்டுப் புள்ளைக்குக் கல்யாணம் ஆன மறுமாசமே சமையல் பத்திரிகை வருது, எல்லாம் எனக்குத் தெரியும். எங்கயும் எழுதி வைக்கல. எவனுக்கும் விக்கவும் இல்ல. வித்திருந்தா இன்னைக்கு மாடி வீடு கட்டியிருப்பேன்னு என் பேரன் சொல்றான். மெட்ராஸ்ல கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்கான், விவரமானவன்.

அந்தப் பேராண்டிதான் போன பொங்கலுக்கு வந்தப்ப ஒரு கேள்வி கேட்டான். "தாத்தா, ஊர்ல மட்டும் என்ன ரகசியம் வாழுது? டீக்கடையில ஒருத்தன் பேப்பர்ல எந்தப் பக்கத்தை மொதல்ல பிரிக்கிறான்னு ஊரே பாக்குது. சினிமாப் பக்கமா, ராசிபலனா, வரி விளம்பரமான்னு எல்லாருக்கும் தெரியுது. போன் பாத்தா மட்டும் ஒங்களுக்கு ஏன் எரியுது?"

நல்ல கேள்விதான். பதில் சொல்றேன். டீக்கடையில அவன் என்னைப் பாக்குறான், நானும் அவனைப் பாக்குறேன். நான் ராசிபலன் படிக்கிறது அவனுக்குத் தெரியும். அவன் கல்யாண மாலைப் பக்கத்தை அறுபது வயசுல உத்து உத்துப் படிக்கிறது எனக்குத் தெரியும். ரெண்டு பேரும் வாயைத் தொறக்க மாட்டோம், ஒருத்தன் குடுமி ஒருத்தன் கையில. போன்ல அப்படியா? அவன் ஒன்னைப் பாக்குறான். ஒன்னால அவனைப் பாக்க முடியுமா? ஒன்னைப் பத்தி அவன் என்ன எழுதி வச்சிருக்கான்னு ஒரு தடவையாச்சும் வாங்கிப் பாத்திருக்கியா? ஊர்க்காரன் நாலு நாள்ல மறந்துருவான், இல்லேன்னா அடுத்த வம்பு கெடச்சதும் ஒன்னை விட்டுருவான். மறக்கத் தெரியாதவன் கையில கணக்கு போனா அது வேற சங்கதி.

அந்தக் கணக்கும் நேரான கணக்கான்னா, அதுவும் கெடையாது. அந்தக் காலத்துல சோவியத் நாடுன்னு ஒரு பத்திரிகை வரும். ரஷ்யாக்காரன் அச்சடிச்சு, கொள்ளை மலிவாக் குடுத்தான். வழுவழுன்னு, கலர் கலரா, கையில எடுத்தா வெண்ணெய் மாதிரி வழுக்குற தாளு. அதுக்குச் சந்தா கட்டினவுகள்ல பாதிப் பேரு லெனின் யாருன்னு கேட்டா எந்த ஊருன்னு திருப்பிக் கேப்பாக. பள்ளிக்கூடம் தொறந்ததும் புள்ளைக நோட்டுக்கு அட்டை போட அந்தத் தாளை விட்டா வேற தாளு கெடையாது, அம்புட்டுத்தான் விசயம். என் பட்டுவாடாவை மட்டும் வச்சு எவனாச்சும் கணக்கெழுதியிருந்தா, பாலவனத்தம் பூராம் பொதுவுடமைக் கட்சின்னு எழுதியிருப்பான். நெசத்துல அங்க இருந்தது பூராம் அட்டை போடுற கட்சி. இன்னைக்கு ஒன்னைப் பத்தி எழுதுறவனும் இதையேதான் எழுதுறான். நீ கடன் தள்ளுபடிச் செய்தியை வேடிக்கைக்குப் படிச்சாலும், அவன் குறிப்புல நீ கடன்காரன். மறுநாள் காலையில, "ஆவணம் தேவையில்லை, அஞ்சு நிமிசத்துல பணம்"னு வந்து நிப்பான்.

எப்படிப் பாக்குறான்னு பேராண்டிகிட்டக் கேட்டேன். அவன் சொன்னதை என் பாசையில சொல்றேன். நீ ஏதோ ஒரு செய்திப் பக்கத்தைத் தொறக்குற. பேஸ்புக்குக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லேன்னு நீ நெனைக்கிற. அந்தப் பக்கத்துக்குள்ள கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளியைப் பதிச்சு வச்சிருக்கான், பிக்சல்னு பேரு. நீ தொறந்த நிமிசம் அந்தப் புள்ளி முதலாளிக்குத் தாக்கல் அனுப்பிரும்: இன்ன போனு, இன்ன நேரம், இன்ன பக்கம். வெளிப் பக்கங்கள்ல லைக் பட்டன் இருந்த காலத்துல அதுவும் இதே சோலியைத்தான் பாத்துச்சு, நீ அமுக்கணும்னு அவசியமில்ல, அது அங்கன இருந்தாலே போதும். கணக்கே தொடங்காதவுகளைப் பத்தியும் தகவல் சேருதான்னு 2018ல அமெரிக்க நாடாளுமன்றத்துல பேஸ்புக் முதலாளி சக்கர்பர்க்கை உக்கார வச்சுக் கேட்டாக. பாதுகாப்புக்காகச் சேக்குறோம்னு ஒத்துக்கிட்டாரு. சந்தா கட்டாதவன் வீட்டு ஜன்னல்லயும் எட்டிப் பாக்குற தபால்காரனை நான் கேள்விப்பட்டதே இல்ல.

இதுல அவனுக்கு என்ன லாபம்னு கேப்பீக. நம்ம பக்கம் ஆட்டுக்கிடை போடுறதைப் பாத்திருப்பீக. பகல் பூராம் ஆடு அது இஷ்டத்துக்கு மேயும். கருவேலங்காயைத் தின்னும், கண்மாய்க்கரைப் புல்லைக் கடிக்கும், எவன் கேட்டாலும் நான் சுதந்திரமா மேயுறேன்னுதான் சொல்லும். பொழுது சாஞ்சதும் கீதாரி அதுகளை ஒரு பிஞ்சையில மடக்கிப் போடுவான். ராத்திரி அது போடுற புழுக்கைக்குப் பிஞ்சைக்காரன் கீதாரிகிட்டத்தான் கூலி குடுப்பான், ஆட்டுகிட்டக் குடுக்க மாட்டான். நீங்க படிக்கிறது மேய்ச்சல். அதுல விழுகுறதுக்கு விலை. 2023ல பேஸ்புக்கை நடத்துற மெட்டா கம்பெனி வருமானம் 13,400 கோடி டாலருக்கும் மேல. அதுல நூத்துக்குத் தொண்ணூத்தேழுக்கும் மேல விளம்பரக் காசு. ஆட்டுக்கு என்ன கெடைச்சுச்சு? மறுநாளும் மேய்ச்சல் ஃப்ரீ.

ஆனா ஒன்னு சொல்லணும், ஆரம்பத்துல அவனுக்கு இந்த வேலை தெரியல. 2007ல பீக்கான்னு ஒன்னு கொண்டாந்தான். நீ வெளிக் கடையில எதை வாங்கினாலும் அந்தத் தாக்கல் ஒன் சேக்காளிகளுக்குப் போயிரும். ஒரு மனுசன் பொண்டாட்டிக்குத் தெரியாம, அந்தம்மாவை அசத்தணும்னு ஒரு வைர மோதிரம் வாங்கினாரு. கொண்டு போய்க் குடுக்கிறதுக்கு முன்னாடியே தாக்கல் வீட்டுக்குப் போயிருச்சு, தள்ளுபடி விலை வரைக்கும். கோர்ட்டுக்குப் போச்சு, 95 லட்சம் டாலர் குடுத்துத் தீத்துட்டு 2009ல கடையைச் சாத்தினான். திருந்துனானா? 2011ல மறுபடியும் வந்தான். இந்தத் தடவை படிப்பு. வாஷிங்டன் போஸ்ட்டு, கார்டியன்னு பெரிய பேப்பர்காரனுகளையே கூட்டுச் சேத்துக்கிட்டான். நீ ஒரு செய்தியைத் தொறந்தாப் போதும், "இன்னார் இதைப் படித்தார்"னு ஊருக்கே தண்டோரா. உலக அரசியலைப் படிக்கிறேன்னு பெருமை அடிச்சுக்கிட்டு இருந்தவன்லாம் நடிகை விவாகரத்தைப் படிச்சது வெளிய வந்துருச்சு. சனங்க கூசிப்போய் விலகிட்டாக, அடுத்த வருசமே அந்தக் கூத்தும் படுத்துருச்சு.

இங்கதான்யா நீங்க கவனிக்கணும். இந்த ரெண்டு அடியில அவன் கத்துக்கிட்ட பாடம் என்ன? பாக்கக் கூடாதுன்னா கத்துக்கிட்டான்? பாக்குறதை வெளிய சொல்லக் கூடாதுன்னு கத்துக்கிட்டான்! ஒனக்கு வெக்கம் வந்தது அவன் பாத்ததுக்கு இல்ல, ஒன் மச்சினன் பாத்ததுக்கு. மச்சினன் கண்ணை மறைச்சு ஒரு திரையைப் போட்டுட்டு, அவன் உள்ளயே உக்காந்துக்கிட்டான். நீயும் அப்பாடான்னு காலை நீட்டிட்ட.

நீட்டின கால் சில நேரம் மாட்டிக்கும். எனக்குத் தெரிஞ்ச ஒரு பையன், கல்யாணம் ஆகி மூணு வருசம் இருக்கும். கண்மாய் மறுகால் போற போட்டோவைப் பெரியப்பாகிட்டக் காட்டுறேன்னு போனைக் குடுத்தான். பெரியப்பா வெரலால ஒரு தள்ளுத் தள்ளுனாரு. மதுரையில இருக்கிற கருத்தரிப்பு ஆஸ்பத்திரி விளம்பரம், இன்னொரு தள்ளு, இன்னொரு ஆஸ்பத்திரி, மூணாவது தள்ளுல மாசத் தவணை. புருசனும் பொண்டாட்டியும் ராத்திரி ரகசியமாப் படிச்ச சங்கதி. பெரியப்பா ஒன்னும் கேக்கல, நல்ல மனுசன். போனைத் திருப்பிக் குடுத்துட்டு, கண்மாய் நெறைஞ்சிருச்சுப்போலன்னு சொன்னாரு. ஆனா மறுநாள் பெரியம்மா திருச்சுழி பூமிநாதர் கோயிலுக்கு நேந்துக்கிட்டாக. தாக்கல் எப்படிப் போச்சுன்னு எனக்குத் தெரியாதுப்பா, நான் தபால் குடுக்கிறதை விட்டு ரொம்ப நாளாச்சு.

"என்கிட்ட மறைக்க ஒன்னுமில்ல"ன்னு நெஞ்சை நிமித்துறவுகளுக்கு இன்னொரு கணக்கு. கேம்பிரிட்ஜ் அனலிட்டிக்காங்கிற கம்பெனி பேஸ்புக் தகவலை அள்ளுச்சுன்னு 2018 மார்ச்ல ஒலகமே நாறுச்சே, ஞாபகம் இருக்கா? "நீங்க எப்படிப்பட்ட ஆளு?"ன்னு ஒரு கேள்வித்தாள் ஆப்பு. நம்ம நாட்டுல அதை எறக்கினவுக எத்தனை பேருன்னு பேஸ்புக்கே சொல்லுச்சு: 335 பேரு. ஒரு தெரு சனம். அதுனால தகவல் சிந்தியிருக்கலாம்னு அதே பேஸ்புக் சொன்ன கணக்கு 5,62,455 பேரு! மிச்சம் அஞ்சு லட்சத்துச் சொச்சமும் ஒரு பாவமும் அறியாத சேக்காளிக. தான் எப்படிப்பட்ட ஆளுன்னு தெரிஞ்சுக்க ஆசைப்பட்டவன் முன்னூத்திச் சொச்சம், மாட்டுனவன் ஒரு பெரிய டவுன் சனம். நீ மறைக்க ஒன்னுமில்லாதவனா இருக்கலாம், ஒன் சேக்காளிக்கு இருக்குமேய்யா.

எங்க ஊருப் பெருமையையும் கொஞ்சம் சொல்லிக்கிறேன், கேட்டுக்க. பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர்னு கேள்விப்பட்டிருப்பீக. மதுரைக்குப் பேசப் போனவரு ஒரு திருக்குறள் பிரதி கேட்டிருக்காரு, அம்புட்டுப் பெரிய ஊர்ல கெடைக்கல. சங்கம் வச்ச ஊர்ல குறள் இல்லையேன்னு ரோசப்பட்டு, 1901ல நாலாம் தமிழ்ச் சங்கத்தை ஆரம்பிச்சு, புத்தகசாலை வச்சு, செந்தமிழ்னு பத்திரிகையும் நடத்துனாரு. ஒரு வெள்ளைக்காரரு குறளைத் திருத்துறேன்னு எதுகை மோனையை மாத்தி அச்சடிச்சப்ப, பிரதி பூராத்தையும் காசு குடுத்து வாங்கிக் கொளுத்திட்டாருன்னும் ஒரு கதை இங்க சொல்லிக்கிடுவாக. அன்னைக்கு மனுசன் புத்தகத்தைத் தேடி அலைஞ்சான். இன்னைக்குப் புத்தகம் ஒன்னையத் தேடி வருது, கூடவே ஒரு கணக்குப்பிள்ளையும் வர்றான். 2009ல அமேசான்காரன் கிண்டில்ங்கிற படிப்புக் கருவியில வித்த ஆர்வெல் புத்தகங்களை, உரிமைத் தகராறுன்னு சொல்லி, வாங்கினவுக கையில இருந்தே ராத்திரியோட ராத்திரியா அழிச்சான். அதுல ஒன்னு 1984, ஊரையே வேவு பாக்குற அரசாங்கத்தைப் பத்தின கதை. காசைத் திருப்பிக் குடுத்துட்டான், பிற்பாடு மன்னிப்பும் கேட்டான். இருந்தாலும் வித்த கடைக்காரன் வீட்டுக்குள்ள வந்து அலமாரியைத் தொறக்கலாம்னு அன்னைக்குத்தான தெரிஞ்சுச்சு.

படிக்கிறது இன்னதுன்னு ஊருக்குச் சொல்லிக்கிற பழக்கம் நமக்கும் உண்டு, இல்லேங்கல. உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887ல அச்சுப் போடுறப்ப, புத்தகம் வர்றதுக்கு முன்னாடியே வாங்கிக்கிறேன்னு கையொப்பம் போட்டுக் குடுத்தாக பல பேரு. தான் இந்தப் புத்தகத்தை வாங்குறேன்னு சொல்லிக்கிறதுல ஒரு மதிப்பு இருந்துச்சு. ஆனா அவுக பேனாவை எடுத்து, மையைத் தொட்டு, தெரிஞ்சே போட்ட கையொப்பம். நீ "ஒத்துக்கிறேன்"னு அமுக்குறியே, அதுக்கு மேல இருக்கிற பத்திரத்தை ஒரு வரி படிச்சியா? பத்துச் செண்டு புஞ்சையைக் கிரயம் முடிக்க நாலு தடவை பத்திர ஆபீசுக்கு அலையுற குடும்பத்துல பொறந்தவன், தன் தலையையே எழுதிக் குடுக்கிற பத்திரத்துக்கு ஒத்த வெரல்ல ரேகை வைக்கிறான்.

எவனும் எட்டிப் பாக்காத படிப்பு என்ன பண்ணும்னும் கேட்டுக்க. பக்கத்துத் திருச்சுழியில 1879ல பொறந்தவரு ரமண மகரிஷி. மதுரையில படிக்கிற வயசுல, சித்தப்பா இரவல் வாங்கி வச்சிருந்த பெரிய புராணம் கையில கெடைச்சுச்சு. படிச்சாரு. அந்தப் படிப்பு உள்ள என்ன பண்ணுச்சுன்னு ஒருத்தருக்கும் தெரியாது. 1896ல, அண்ணனுக்குப் படிப்புச் சம்பளம் கட்டக் குடுத்த அஞ்சு ரூபாயில மூணை எடுத்துக்கிட்டு, ஒரு சீட்டு எழுதி வச்சுட்டுத் திருவண்ணாமலைக்குப் போயிட்டாரு. வீட்டுக்காரவுக கண்டுபிடிக்கிறதுக்கு ஏறக்குறைய ரெண்டு வருசம் ஆச்சு. அவர் கையில ஒரு போன் இருந்திருந்தா? பெரிய புராணத்துல மூணாவது பக்கம் தாண்டும்போதே "கிரிவலம் ரெண்டு நாள் பேக்கேஜ், காலை டிபன் உட்பட"ன்னு வந்திருக்கும். விழுப்புரத்துல எறங்குறதுக்குள்ள அண்ணன் எதுக்க நின்னிருப்பாரு. நான் பகவானைக் கேலி பண்ணலப்பா. ஒரு மனுசன் ஒன்னைப் படிச்சு, அது உள்ள ஊறி, அவனுக்கே புரியுறதுக்குக் கொஞ்ச காலம் வேணும். அந்தக் கொஞ்ச காலத்துலதான் இவன் வந்து தோண்டுறான். நீ ஒரு சண்டைச் செய்தியில அரை நிமிசம் கூட நின்னா, நாளைக்குப் பத்துச் சண்டையைக் கொண்டாந்து கொட்டுறான். ஆறு மாசம் போனா நீ முரடனாகி நிக்கிற, எனக்குப் பிடிச்சதைத்தான் படிக்கிறேன்னும் சொல்ற. மேய்ப்பனைக் கேட்டா, ஆடு கேட்டுச்சு குடுத்தேன்பான்.

அரசாங்கம் பாக்கலையான்னு கேப்பீக. தாராளமாப் பாக்கும். நான் வேலை பாத்த காலத்துல இருந்த தபால் சட்டம் 1898ல வெள்ளைக்காரன் போட்டது, நாட்டுக்கு ஆபத்துன்னா தபாலை நிறுத்திப் பிரிக்கலாம்னு அதுல ஒரு பிரிவு உண்டு. பாரதியார் இந்தியா பத்திரிகையைப் புதுச்சேரியில இருந்து நடத்துனப்ப, பிரிட்டிஷ் சீமைக்குள்ள வரக் கூடாதுன்னு தபாலை மறிச்சாக, 1910ல பத்திரிகையே நின்னு போச்சு. எழுதுறவனைப் பிடிக்கப் புதுச்சேரிக்குப் போக முடியல, படிக்கிறவன் வாசலை அடைச்சுட்டான். சட்டத்தை மாத்திப் புதுசா 2023ல போட்டப்ப, அந்தப் பிரிவைப் பத்திரமா எடுத்து உள்ள வச்சுக்கிட்டாக. பழைய வீட்டை இடிச்சாலும் நெலைக்கதவை விட மனசு வராதுல்ல.

சட்டம்னு பாத்தா நமக்கும் கொஞ்சம் இருக்கு. 1994ல நக்கீரன் ஆசிரியர் ஆட்டோ சங்கர் வாழ்க்கைக் கதையைப் போடப் போன வழக்குல, மனுசனைத் தனியா விடுறது அவன் உரிமைன்னு உச்ச நீதிமன்றம் சொல்லுச்சு, பத்திரிகைக்காரன் உரிமையையும் சேத்துக் காப்பாத்துச்சு. நம்ம தமிழ்நாட்டு வழக்கு. அப்புறம் புட்டசாமிங்கிற ஓய்வு பெற்ற நீதிபதி, எண்பத்தாறு வயசுப் பெரியவரு, ஆதாரை எதுத்து 2012ல தொடுத்த வழக்கு. அந்தரங்கம் அடிப்படை உரிமையே கெடையாதுன்னு அரசாங்கம் வாதாடுச்சு. 2017 ஆகஸ்ட் 24ஆம் தேதி ஒம்போது நீதிபதிகளும் ஒரே குரல்ல, உரிமைதான்னு தீர்ப்பு எழுதிட்டாக. என் வயசுக்காரனுக்கு இதுல ஒரு சந்தோசம், போனை நோண்டுற பயலுகளுக்காகக் கோர்ட்டுப் படியேறினது ஒரு கெழவன்.

அமெரிக்காவுல இன்னும் வேடிக்கை. 1987ல ஒருத்தரை உச்ச நீதிமன்ற நீதிபதியாக்கப் பேரு சொன்னாக, ராபர்ட் போர்க். அரசியல் சட்டத்துல பொதுவான அந்தரங்க உரிமைன்னு ஒன்னு கெடையாதுங்கிற கட்சி அவரு. ஒரு பத்திரிகைக்காரன் நேரா வீடியோக் கடைக்குப் போயி, அவரு வாடகைக்கு எடுத்த படப் பட்டியலை வாங்கி அச்சடிச்சுட்டான். பட்டியல்ல ஒரு அசிங்கமும் இல்ல. ஆனா நாடாளுமன்றக்காரவுக எல்லாருக்கும் அவுகவுக பட்டியல் ஞாபகத்துக்கு வந்துருச்சுபோல, மறுவருசமே சட்டம் போட்டுட்டாக.

நம்ம சட்டம் 2023 ஆகஸ்ட்ல வந்துச்சு, டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். விதிகள் வர 2025 நவம்பர் ஆயிருச்சு. அதுலயும் முக்கியமான கடமைகளுக்குக் கம்பெனிகளுக்குப் பதினெட்டு மாச அவகாசம். தகவலைப் பாதுகாக்கத் தவறின கம்பெனிக்கு 250 கோடி வரைக்கும் அபராதம். சபாஷ். பொய்யாவோ, அற்பமாவோ புகார் குடுத்தா நமக்கும் பத்தாயிரம் வரைக்கும் அபராதம். அதுக்கும் ஒரு சபாஷ் போட்டுக்கங்க. இதே சட்டத்தோட வாலுல, தகவல் உரிமைச் சட்டத்துல ஒரு பிரிவையும் சுருக்கிட்டாக. கம்பெனிக்காரன் நம்மளை எட்டிப் பாக்குறதைத் தடுக்கக் கதவு செய்யச் சொன்னோம், ஆசாரி நாம தாலுகா ஆபீசை எட்டிப் பாக்குற ஜன்னலையும் பாதி அடைச்சுட்டுப் போயிட்டாரு. 2021ல அதே மெட்டாவோட வாட்ஸப், தகவலைப் பங்கு போட ஒத்துக்கிட்டா இரு, இல்லேன்னா கெளம்புன்னு சொன்னதுக்கு, 2024 நவம்பர்ல போட்டி ஆணையம் 213 கோடி ரூபா அபராதம் போட்டுச்சு. அவன் வருமானத்துக்கு அது டீக் காசு.

இப்பப் புத்தி சொல்லணும், பெருசுன்னா அதுதான வேலை. போனைத் தூக்கிக் கண்மாயில போடுன்னு சொல்ல மாட்டேன், கண்மாய் ஏற்கனவே பிளாஸ்டிக்கால நெறைஞ்சு கெடக்கு. பேஸ்புக் செட்டிங்ஸ்ல கணக்கு மையம்னு ஒன்னு இருக்கும், அதுக்குள்ள தகவலும் அனுமதியும்னு போனா, மெட்டாவுக்கு வெளிய நீ பண்ணினது பூராம் பட்டியலா வரும். ஒரு தடவை உக்காந்து பாரு. பேராண்டி அவன் பட்டியலைத் தொறந்தான். சாப்பாடு வாங்குற ஆப்பு, வேலை தேடுற ஆப்பு, செய்திப் பக்கம், மருந்துக்கடைன்னு வரிசை கட்டி நின்னுச்சு. வேலை தேடுறது அவன் பொண்டாட்டிக்கே தெரியாது. பயல் மொகம் வேத்துப்போச்சு. அழிக்கிற பட்டனும் அங்கனயே இருக்கு, இனிமே சேக்காதேன்னு சொல்ற பட்டனும் இருக்கு. கூகுள்ல மூணு மாசத்துக்கு ஒரு தடவை தானா அழிஞ்சுபோன்னு வைக்கலாம், யூடியூப்ல பாத்த வரலாற்றையே நிறுத்தி வைக்கலாம். புது ஆப்புக்குள்ள போறப்ப "பேஸ்புக் வழியா நுழை"ன்னு சொன்னா நுழையாதே, திண்ணையைச் சுத்திப் போ. ஆனா இதை எல்லாம் பண்ணிட்டா ஒளிஞ்சுக்கிட்டோம்னு நெனைச்சுக்காதே. பட்டனைக் குடுத்தவனும் அவன்தான்.

அதுனால அப்பப்ப கிளை நூலகத்துக்கும் போயிட்டு வா. நம்ம மாகாணத்துலதான் 1948லயே பொது நூலகச் சட்டம் வந்துச்சு, வீட்டு வரியோட நூலக வரியும் கட்டிக்கிட்டுத்தான் இருக்கோம், காசு ஏற்கனவே குடுத்தாச்சு. அங்க ஒரு பழைய புத்தகத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திருப்பு. கோடு போட்ட ஒரு தேதிச் சீட்டு ஒட்டியிருக்கும். ஊதா மையில தேதி முத்திரை, சாஞ்சு ஒன்னு, கலங்கி ஒன்னு, ஒன்னு மேல ஒன்னு ஏறி. எந்தெந்தத் தேதிக்குத் திருப்பணும்னு அதுக்குத் தெரியும். யாரு எடுத்தாங்கிறது தெரியாது. பழைய முறையில புத்தகத்துக்குன்னு ஒரு சின்ன அட்டை, ஒனக்குன்னு ஒரு பை அட்டை. புத்தகம் ஒன் கையில இருக்கிற வரைக்கும் ரெண்டும் அங்க சேந்து இருக்கும். திருப்பிக் குடுத்ததும் அது அது வழிக்குப் போயிரும், நீ என்ன படிச்சங்கிறதுக்கு அங்க ஒரு தடயமும் மிஞ்சாது. நூறு வருசத்துக்கும் முன்னாடி கண்டுபிடிச்ச ஏற்பாடு. கம்ப்யூட்டர் வந்த நூலகத்துல இப்ப எப்படின்னு நூலகர்கிட்டக் கேளு, கேக்குறதுல தப்பில்ல.

வீட்டுல பதினெட்டு வயசுக்குக் கீழ புள்ளைக இருந்தா இன்னொரு சங்கதி. அதுகளை வேவு பாக்கக் கூடாது, அதுகளைக் குறி வச்சு விளம்பரம் காட்டக் கூடாதுன்னு புதுச் சட்டம் சொல்லுது, சேத்துக்கவே பெத்தவுக ஒப்புதல் வேணும். ஒம்போதாம் வகுப்புப் பய பொறந்த வருசத்தை 1990ன்னு போட்டுக் கணக்கு தொடங்கியிருப்பான், போயிப் பாரு. அப்படி இருந்தா அவன் சட்டத்துக் கண்ணுக்கு முப்பத்தஞ்சு வயசு தாண்டின ஆம்பளை, பாதுகாப்பும் கெடையாது.

என்ன தகவல் எடுக்குறான், எதுக்கு எடுக்குறான்னு அவன் குடுக்கிற அறிவிப்பை அரசியல் சட்டத்து எட்டாம் அட்டவணையில இருக்கிற இருபத்திரெண்டு மொழியில எதுல வேணாலும் நீ கேட்டு வாங்கலாம்னு அந்தச் சட்டத்துல எழுதியிருக்கு. தமிழ் அதுல இருக்கு. பதினெட்டு மாச அவகாசம் 2027 மே மாசத்தோட முடியுது. அன்னைக்கு அமுக்குறதுக்கு முன்னாடி தமிழ்ல கேளுங்க, வாங்கி ஒரு தடவை முழுசாப் படிங்க. படிச்சுட்டு அப்புறமும் ஒத்துக்கிறதா இருந்தா ஒத்துக்கங்க, நான் குறுக்க நிக்க மாட்டேன்.